ஒப்ரிமஸ் பிறைமின் பெரிய கொப்பி: காசு கொடுக்க முன் பார்க்கவேண்டியவை

‘ஒப்ரிமஸ் பிறைம் இருக்கா?’ என்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு ஃபான்சிக் கடையில் கேட்டால் ஒரு பெட்டி வராது, இரண்டு மூன்று வரும். எல்லாவற்றிலும் சிவப்பும் நீலமும் இருக்கும். எல்லாமே லொறியாக மாறும், ஏனென்றால் ஒப்ரிமஸ் ‘ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்’ கதைகளில் லொறியாக மாறும் றோபோ. ‘படத்தில இருக்கிற மாதிரியே இருக்கா?’ என்று அடுத்ததாகக் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று தெரியாமல் விடை இல்லை. 2007 திரைப்படத்து ஒப்ரிமஸ் நீண்ட மூக்குள்ள பீற்றர்பில்ற் 379 லொறி. நீல உடம்பில் சிவப்புத் தீச்சுவாலை ஓடும். 1984இல் தொடங்கிய தொலைக்காட்சிக் கார்ட்டூனின் ஒப்ரிமஸுக்கு மூக்கே இல்லை. ஏ9 வீதியில் நெல் ஏற்றிப் போகும் எல்ஃப் லொறியைப் போலத் தட்டை முகம். லொறியின் முன்கண்ணாடிதான் றோபோவின் மார்பு, அதற்குக் கீழே உள்ள கிறில்தான் வயிறு. இந்த இரண்டையும் கலந்து ஒரே உடம்பில் ஒட்டிய மலிவுச் சாமான்களும் கடையில் உண்டு. தட்டை முகத்தில் தீச்சுவாலை ஸ்ரிக்கர் கண்டால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்தப் படத்தையும் பார்க்காமல் செய்தது அது.

இங்கே பார்ப்பது தட்டை முகக்காரரை. ஜப்பானின் தக்காரா தோமி கொம்பனி 2011இல் வெளியிட்ட மாஸ்ரர்பீஸ் எம்.பி.-10 என்ற சாமானைப் பெரிதாக்கிச் செய்த சீனக் கொப்பி. பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும், உள்ளே இருக்கும் அச்சு ஒன்றுதான். ஒறிஜினல் அண்ணளவாக 25 சென்ரிமீற்றர் உயரம். கொப்பி 32 வரை நிற்கும். பெரிதாய் இருப்பதே இதன் கவர்ச்சி, இதில் வரும் பிசகுகளில் பாதிக்கும் அதுதான் காரணம்.

முதலில் தோற்றம். எம்.பி.-10 கார்ட்டூனுக்கு முழு விசுவாசமான சாமான் அல்ல. கார்ட்டூன்காரர் வரைந்த ஒப்ரிமஸ் வழுவழுப்பானவர். உடம்பில் கோடுகள் மிகக் குறைவு. எம்.பி.-10இலோ தகடு தகடாய்ப் பிரித்த கோடுகள், நிஜ லொறியின் நுணுக்கங்கள் எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். 1984இன் பழைய விளையாட்டுச் சாமானுக்கும் கார்ட்டூனுக்கும் நடுவில் நிற்கிறது என்பதே சரியான கணக்கு. 2019இல் வந்த எம்.பி.-44 கார்ட்டூன் பக்கமாக இன்னும் நெருங்கிப் போனது. ஆனாலும் லொறியும் றோபோவும் இரண்டுமே வடிவாய் வந்த சமநிலை எம்.பி.-10இல்தான் அமைந்தது என்பது என் முடிவு. அதனால்தான் கொப்பிக்காரர்களும் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

கொப்பியில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். கார்ட்டூனில் கண் நீலம். 1984 சாமானில் மஞ்சள். நீலம் பூசியிருந்தால் நல்லது, ஆனால் இரண்டு கண்ணிலும் பூச்சு ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒரு கண்ணில் நீலம் அரை மில்லிமீற்றர் வழிந்து தலைக்கவசத்தில் ஏறினாலே பார்வை கோணலாய்த் தெரியும். வாயை மறைக்கும் கவசத்தின் நடுக்கோடு மூக்குக்கு நேரே இறங்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வேறு இடத்துப் பூச்சுப் பிழையைப் பிறகு திருத்தலாம். முகத்தில் பழக்கமில்லாத கை பட்டால் உள்ளதும் கெடும்.

சிவப்பைக் கடையின் ரியூப் லைற்றில் நம்பவேண்டாம். இந்தக் கொப்பிகளில் சில துண்டுகள் சிவப்பாகவே வார்த்த பிளாஸ்ரிக், சில துண்டுகள் சிவப்புப் பூசிய உலோகம். ரியூப் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாய்த் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தால் ஒன்று செம்மஞ்சளுக்கும் மற்றது மெரூனுக்கும் சாயும். தோளும் மார்பும் சேரும் இடத்தில் அந்த வித்தியாசம் இருந்தால் லொறியாக்கும்போது முன்பக்கம் ஒட்டுப்போட்ட வாகனம் போல் இருக்கும். காலடியில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்ட்டூனில் ஒப்ரிமஸ் றோபோவாக மாறும்போது ரெயிலர் எங்கே போகிறது என்பதற்கு அவர்கள் விளக்கம் தரவே இல்லை. சட்டென்று காட்சியிலிருந்து மறைந்துவிடும். எந்தச் சாமானாலும் அதைச் செய்யமுடியாது. ஒறிஜினலில் ரெயிலரும், அதற்குள் வைக்கும் றோலர் என்ற சிறு வண்டியும், ஸ்பைக் என்ற பையனின் சின்ன உருவமும், துவக்கும், செம்மஞ்சள் கோடரியும், மார்புக்குள் வைக்கும் மேற்றிக்ஸ் என்ற சிறு துண்டும் ஒன்றாய் வரும். கொப்பியில் ரெயிலரைப் பெரும்பாலும் தனிப் பெட்டியாக விற்பார்கள். ‘ரெயிலர் உள்ளுக்க இருக்கு’ என்று வாயால் சொன்னால் போதாது. பெட்டியின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி மூட்டு. இதில்தான் கூட நேரம் செலவழிக்கவேண்டும்.

25 சென்ரிமீற்றரை 32 ஆக்கினால் உயரம் 1.28 மடங்கு. எடை அப்படி ஏறாது. நீளம், அகலம், தடிப்பு மூன்றும் கூடுவதால் அண்ணளவாக 2.1 மடங்கு ஆகும். கையும் நீளுவதால் தோள்மூட்டை இழுக்கும் விசை இன்னும் கூட, 2.7 மடங்கு வரை. இதற்கு மேலே ‘அலோய்’ என்று பெருமையாய்ப் பெட்டியில் அடித்து, உலோகத்தையும் சேர்க்கிறார்கள். உலோகம் பாதத்திலும் கீழ்க்காலிலும் இருந்தால் திறம், சாமான் அசையாமல் நிற்கும். கையிலும் மார்பின் மேல்பாகத்திலும் இருந்தால் நாளடைவில் கை தொங்கும், இடுப்பு பின்னுக்குச் சரியும். காந்தம் வைத்துத் தேடவேண்டாம். இது நாகக் கலவை, காந்தத்தில் ஒட்டாது. விரல் நுனியால் தொட்டால் உலோகம் குளிரும், நகத்தால் தட்டினால் சத்தம் கூர்மையாய் வரும்.

தோளிலும் இடுப்பிலும் கிளிக் மூட்டுகள் இருக்கும். உள்ளே பல்லுச் சில்லு ஒன்றும், அதை அழுத்தும் சுருள்வில் ஒன்றும். கையை மெல்லச் சுற்றிக்கொண்டு காதைக் கொடுங்கள். கிளிக், கிளிக் என்று ஒரே சீராய் வரவேண்டும். ஓரிடத்தில் சத்தம் விழுங்கப்பட்டால் பல் தேய்ந்திருக்கிறது. எங்கேயுமே மந்தமாய் இருந்தால் ஆணி இறுக்கம் போதாது, அல்லது வில் இல்லை. பிறகு கோடரியைக் கையில் மாட்டி, கையை நேரே முன்னுக்கு நீட்டி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரு பல் இறங்கினாலும் அந்தத் துண்டு வேண்டாம், அடுத்த பெட்டியைக் கேளுங்கள். ஒரே பெயரில் ஒரே நாளில் வந்த இரண்டு பெட்டிக்குள்ளேயே இறுக்கம் வேறுபடும். கொப்பியில் இது வழமை.

லொறியாக மாற்றும் வேலை அவ்வளவு கடினம் இல்லை, வரிசை பிசகினால்தான் உடையும். மேற்றிக்ஸை முதலில் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மார்புக்குள் தளர்வாய்க் கிடந்து கதவு மூடும்போது நசியும் துண்டு அதுதான். மார்பின் ஜன்னல் கதவுகளை முழுதாய் மூடி, விரல்களை மடக்கிக் கையை முழங்கைக்குள் விழுத்தி, பிறகுதான் தலையை உள்ளே அனுப்பவேண்டும். கைகள் பக்கவாட்டில் வந்து லொறியின் முன்னறையோடு சேரும்போது புகைக்குழாய் இரண்டும் எங்கேயும் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ளவேண்டும். கொப்பியில் முதலில் முறிவது புகைக்குழாய்தான். அதைப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்புவதை ஒருநாளும் செய்யவேண்டாம். கடைசியில் இரண்டு காலும் ஒன்றோடொன்று கொழுவி லொறியின் பின்பாகம் ஆகும். இங்கே கொழுவி சரியாய் விழாவிட்டால் அழுத்தவேண்டாம். பெரும்பாலும் காரணம் மேலே இருக்கும்: முன்னறையில் ஒரு பக்கம் முழுதாய் மூடப்படாமல் ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்கும், அந்தக் கோணல் பின்னால் வரும்போது மூன்று மில்லிமீற்றராய் விரியும். பின்பக்கத்தைக் கழற்றி, முன்பக்கத்தைத் திரும்ப மூடுங்கள்.

முன்கண்ணாடித் துண்டு தெளிந்த பிளாஸ்ரிக். நிறப் பிளாஸ்ரிக் வளைந்து கொடுக்கும், தெளிந்தது வளையாது, வெடிக்கும். அதன் மூலைகளில் வெள்ளைக் கீறு தெரிந்தால் வார்க்கும்போதோ பொருத்தும்போதோ இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று கீறு, நாளை வெடிப்பு.

லொறி உருவத்தை அளக்க ஒரு கடதாசி போதும். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிப்பு அண்ணளவாக 0.1 மில்லிமீற்றர். முன்னறையின் நடுவில் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் ஒற்றைத் தாள் நுழைந்தால் பரவாயில்லை. நான்காய் மடித்தது நுழைந்தால் இடைவெளி 0.4, கண்ணுக்குப் படும். எட்டாய் மடித்ததும் உள்ளே போனால் அது மூடவில்லை. அதே தாளைக் கடையின் கண்ணாடி மேசையில் லொறியை வைத்து ஆறு சில்லுக்குக் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆறிலும் தாள் பிடிபடவேண்டும். முன்சில்லு அந்தரத்தில் நின்றால் இடுப்புப் பகுதி முழுதாய் மடியவில்லை. திரும்ப மடித்தும் அப்படியே நின்றால் அச்சிலேயே கோணல், அதைத் திருத்த வழியில்லை.

வாங்கிய பிறகு மேம்படுத்துவது பற்றி. வெளிநாட்டில் இதற்கென்றே பெட்டிகள் விற்கிறார்கள்: விரல் தனித்தனியாய் மடியும் கைகள், இடைவெளி அடைக்கும் துண்டுகள், ரொய்ஹக்ஸ் போன்றோரின் ஸ்ரிக்கர்த் தாள்கள். பெரும்பாலானவை 25 சென்ரிமீற்றர் ஒறிஜினலின் அளவுக்குச் செய்தவை. 32இன் முழங்கைக்கு அந்தக் கை பொருந்தாது, 20 மில்லிமீற்றர்த் துண்டுக்கு 25.6 மில்லிமீற்றர் இடம் காத்திருக்கும். கொப்பிக்கு என்று விளம்பரத்தில் தெளிவாய் எழுதாத எதையும் கட்டளையிடாதீர்கள். மாதக்கணக்காய்க் காத்திருந்து, கொழும்பில் வரியும் கட்டி, தபால் கந்தோரிலிருந்து எடுத்துவந்து பிரித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மனவருத்தம்.

இடைவெளித் துண்டுகளை முப்பரிமாண அச்சில் செய்து தருவோரும் இருக்கிறார்கள். என்ன பிளாஸ்ரிக் என்று கேளுங்கள். அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. 60 பாகை செல்சியஸை அண்டும்போதே இளகத் தொடங்கும். சித்திரை வைகாசியில் பூட்டிய வாகனத்துக்குள் வெயில்படும் இடத்தில் அந்தச் சூடு கஷ்டமில்லாமல் வரும். பி.ஈ.ரி.ஜி. அண்ணளவாக 80 வரை தாங்கும். வன்னிக்கு அதுதான்.

தளர்ந்த மூட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டி தேவையே இல்லை. பந்துமூட்டு என்றால் நிறமில்லாத கியூடெக்ஸ் போதும். மூட்டைக் கழற்றி, பந்தில் மட்டும் மெல்லிய பூச்சு, அரைமணி கழித்து இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரு இரவு முழுக்கக் கழற்றியபடியே காயவிடவேண்டும், மாரியில் இரண்டு இரவு. அரைகுறையாய்க் காய்ந்ததைச் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு திருப்பும்போது கழுத்தே முறியும். சுப்பர் குளூ கெதியாய் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். செய்யும்தான். ஆனால் அதன் ஆவி பட்ட தெளிந்த பிளாஸ்ரிக் வெள்ளையாய்ப் பூத்துவிடும். ஒரு துளி தோள்மூட்டுக்கு விட்டுவிட்டு முன்கண்ணாடி பனிமூட்டம் போல் ஆனால் அதைத் துடைத்து எடுக்க முடியாது. கிளிக் மூட்டுக்கு இரண்டுமே கூடாது.

ஆயுதம் கையில் நிற்காவிட்டால், ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்ற விற்கும் வெள்ளை ரேப்பில் ஒரு சென்ரிமீற்றர் வெட்டிப் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பசை இல்லாததால் பிறகு கறை விடாது.

ஆணி இறுக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளவேண்டும். ஸ்குரூ ட்ரைவரை முதலில் எதிர்ப்பக்கமாய் மெல்லச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று ஆணி சற்று விழும். அதுதான் பழைய புரி. அங்கிருந்து முன்னுக்குச் சுற்றினால் பிளாஸ்ரிக்கில் புதுப் புரி வெட்டாது. கால் சுற்றுச் சுற்றி மூட்டை அசைத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. ஆணிக்குப் பதில் இரும்புக் கம்பி அடித்த மூட்டு என்றால் அதன் இரண்டு முனையையும் பாருங்கள். ஒன்றில் சிறு வரிகள் வெட்டியிருக்கும். வழுவழுப்பான முனையில் தட்டி, வரியுள்ள பக்கமாய் வெளியே எடுக்கவேண்டும். மாறித் தட்டினால் துளை வெடிக்கும்.

இறுகிப்போன மூட்டுக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். முன்னையது பிசினாகி, சோளகம் கொண்டுவரும் செம்மண் புழுதியைப் பிடித்து வைக்கும். பின்னையது சில பிளாஸ்ரிக்கை வெடிக்க வைக்கும். சிலிக்கன் கிறீஸ் குண்டூசித் தலையளவு போதும். தின்னரும், கியூடெக்ஸ் அழிக்கும் திரவமும் இந்தச் சாமானுக்குக் கிட்டவே வரக்கூடாது, பிளாஸ்ரிக்கையே கரைக்கும். குரோம் பூசிய இடங்களை ஸ்பிரிற்றாலும் துடைக்கவேண்டாம், பளபளப்பு கழன்று வந்துவிடும்.

பெயின்ற் பூச நினைத்தால் ஒன்றை மறக்கவேண்டாம். பூச்சுக்கும் தடிப்பு உண்டு. கொழுவியிலும் அது விழும் பொந்திலும் பூசினால் அடுத்த முறை மாற்றும்போது இறுகும், உரியும். அந்த இடங்களை ரேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள். ஏற்கெனவே பூசி வந்திருந்தால் 600 அரத்தாளால் கொழுவியின் பக்கத்தை மட்டும் இரண்டு இழுவை. கார்த்திகை மார்கழியில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு வெண்படலமாய்ப் பூக்கும். பூச்சுக்கு நல்ல காலம் மாசி, பங்குனி.

ஸ்ரிக்கர் ஒட்டுவதில் இரண்டு கட்சி. கார்ட்டூன் போல் வேண்டுமென்றால் தோளில் உள்ள ஒட்டோபொட் (ஒப்ரிமஸின் அணி) சின்னத்தோடும் ரெயிலரின் நீலப் பட்டியோடும் நிறுத்துங்கள். 1984 சாமான் போல் வேண்டுமென்றால் முழுத்தாளையும் ஒட்டலாம். இரண்டையும் பாதிப் பாதி செய்தால் எதைப் போலவும் இராது. ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டால் நகர்த்திச் சரிபார்க்க நேரம் கிடைக்கும். கடதாசி ஸ்ரிக்கர் என்றால் தண்ணீர் விடவேண்டாம்.

இதை யார் எடுக்கலாம்? லொறியையும் றோபோவையும் அடிக்கடி மாற்றி, கையில் வைத்து இரசிப்பவருக்கு, மேலே சொன்ன கிளிக், கோடரி, கடதாசி மூன்றிலும் தேறிய துண்டு கிடைத்தால், இந்தக் கொப்பி கொடுத்த காசுக்கு மேலேயே தரும். அலமாரியில் வைத்துக் கார்ட்டூனோடு ஒப்பிடுபவர் காசு சேர்த்து ஒறிஜினலுக்குப் போவதே மேல். கொப்பியின் முகம் நாளுக்கு நாள் உறுத்தும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் மேற்றிக்ஸையும் ஸ்பைக் உருவத்தையும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும், இரண்டும் தொண்டைக்குள் போகும் அளவு. மேம்பாட்டுக்கு விலையின் மூன்றிலொன்றுக்கு மேல் செலவழிக்கவேண்டி வந்தால் அந்தத் துண்டையே எடுத்திருக்கக்கூடாது.

கண்ணுக்கோ மார்புக்கோ வெளிச்சம் போடும் வகை என்றால் பொத்தான் பற்றரியை விளையாடி முடித்ததும் கழற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் அது கசிந்து செப்புத் தகட்டைத் தின்னும். ஜன்னல் வெயில் படும் தட்டில் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் மஞ்சளிக்கும். தொடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சில்லுகள் மென்மையான றபர் போல் இருந்தால் லொறியாக நிறுத்தி வைக்கும்போது கீழே ஒரு தடித்த கடதாசி போடுங்கள். மென்மையான ரயர் மாதக்கணக்கில் அழுந்தி நின்றால் அதன் எண்ணெய் கசிந்து, பூசிய பலகையிலும் பிளாஸ்ரிக் தட்டிலும் சில்லளவுக்குக் கறுப்பு வட்டம் பதியும். அந்தக் கறை தட்டை விட்டுப் போகாது.